அபராதத்துக்கும் வரப்பு உண்டு

கத்தரி காய்ப்புக்கு வந்துவிட்டால் வாரம் இரண்டு பறிப்பு வேண்டும். ஒரு பறிப்பைத் தள்ளிப்போட்டால் காய் முற்றி விதை கட்டிவிடும். பறித்ததை உடனே விற்றாக வேண்டும். வைத்திருந்தால் தோல் சுருங்கி விலை பாதியாகும். கீரையைக் கேட்கவே வேண்டாம். விடியலில் அறுத்த கட்டு மதியத்துக்குள் தலை சாய்ந்துவிடும். சிறு விவசாயிக்கு வியாபார நேரம் என்பது காலையில் இரண்டு மூன்று மணி நேரம்தான். அந்த நேரத்தில் ஓர் அபராதம் குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு குடும்பத்துக்கு நேர்ந்ததைப் பார்க்கலாம். ஊரும் பேரும் வேண்டாம்.

அந்தக் கணவன், மனைவிக்கு நாற்பது சென்ட் நிலம். பாதியில் கத்தரி, மீதியில் அரைக்கீரையும் சிறுகீரையும். வாரத்தில் இரண்டு நாள் முதல் பஸ்ஸில் கூடைகளை ஏற்றிக்கொண்டு பக்கத்து நகராட்சிக்குப் போவார்கள். பேருந்து நிலையத்துக்கு வெளியே சாக்கை விரித்து உட்கார்ந்தால் ஒன்பது மணிக்குள் சரக்கு தீர்ந்துவிடும். மூன்று வருடமாக இதே இடம்.

ஒருநாள் ஏழரை மணிக்கு நகராட்சி வண்டி வந்து நின்றது. இங்கே கடை போடக் கூடாது என்றார்கள். எலக்ட்ரானிக் தராசு, இரண்டு கூடை, 18 கிலோ கத்தரி, 40 கட்டு கீரை எல்லாம் வண்டியில் ஏறின. “ஐயாயிரம் அபராதம். ஆபீசுக்கு வந்து கட்டிட்டு எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு வண்டி போய்விட்டது. கையில் துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கத்தரி அன்றைக்குக் கிலோ 30 ரூபாய், 540 ரூபாய். கீரை கட்டு 10 ரூபாய், 400 ரூபாய். ஆக மொத்தச் சரக்கே 940 ரூபாய்தான். அதற்கு அபராதம் 5,000.

அன்று இரவு வீட்டில் இதே பேச்சு. “யார்கிட்டயாவது கைமாத்து வாங்கிக் கட்டிடலாம். தராசு போனா புதுசு வாங்க முடியாது” என்றார் கணவர்.

“ஏங்க, ஐயாயிரம்னு எதுல எழுதியிருக்கு?” என்றார் மனைவி.

“ஆபீசுல போய் அதெல்லாம் கேட்க முடியுமா?”

“பால் சொசைட்டியில பத்து ரூபா குறைஞ்சா சீட்டைக் காட்டுங்கன்னு கேட்கிறோம்ல? இதையும் கேட்போம்.”

மறுநாள் அலுவலகத்தில் அந்த அம்மா சண்டை போடவில்லை. “கட்டிடுறோம் சார். ரசீது மட்டும் குடுங்க” என்றார், அவ்வளவுதான். உள்ளே போய் ஏதோ பேசிவிட்டு வந்தார்கள். ரசீதுப் புத்தகம் திறந்தது. அதில் எழுதப்பட்ட தொகை 500 ரூபாய். தராசும் கூடைகளும் திரும்பி வந்தன. கத்தரி வெந்தது போல் தொளதொளத்துக் கிடந்தது. கீரை இருந்த இடமே தெரியவில்லை.

ரசீது என்ற ஒரு சொல்லுக்கு 4,500 ரூபாய் வித்தியாசம். ஆனால் அந்த அம்மாவுக்கே தெரியாத இன்னும் சில பாதுகாப்புகள் சட்டத்தில் இருந்தன. அவை தெரிந்திருந்தால் அன்றைக்கே கத்தரியையும் கீரையையும் மீட்டு, பாதி விலைக்காவது விற்றிருக்கலாம்.

எல்லா ஊரிலும், எல்லா ஊழியரும் இப்படி என்று சொல்வதற்கில்லை. நகரத்தை ஒழுங்காக வைத்திருப்பது அவர்கள் கடமை. அபராதமும் அதற்கான ஒரு கருவிதான். ஆனால் அந்தக் கருவிக்கு அளவு உண்டு. வயலுக்கு வரப்பு இருப்பதுபோல அபராதத்துக்கும் வரப்பு உண்டு.

வரப்பைப் போட்டது யார்?

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, கிராம ஊராட்சி எதுவும் தனி அரசாங்கம் அல்ல. அதிகாரம் எல்லாம் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் இயற்றிய சட்டங்களிலிருந்து வருகிறது. கிராம ஊராட்சிகளுக்குத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. நகரங்களுக்கு முன்பு சென்னை மாநகராட்சிச் சட்டம், 1919, மாவட்ட நகராட்சிகள் சட்டம், 1920 என்று தனித்தனியாக இருந்தன. 2023 முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 பொதுவாக நடைமுறைக்கு வந்துள்ளது.

இந்தச் சட்டங்களுக்கு உட்பட்டு உள்ளாட்சி மன்றம் துணைவிதிகள் போடலாம். எங்கே கடை போடலாம், எங்கே குப்பை கொட்டக் கூடாது, மாடு எங்கே திரியக் கூடாது என்பதெல்லாம் துணைவிதியில் வரும். ஆனால் துணைவிதி தாய்ச் சட்டத்தைத் தாண்ட முடியாது. தாய்ச் சட்டம் ஒரு குற்றத்துக்கு 1,000 ரூபாய் வரை என்று சொன்னால், மன்றம் கூடி ஒருமனதாகத் தீர்மானம் போட்டாலும் 1,001 ரூபாய் வாங்க முடியாது. தாய்க் கால்வாயில் எவ்வளவு தண்ணீர் விட்டார்களோ அவ்வளவுதான் கிளை வாய்க்காலில் ஓடும்.

வரிக்கும் இதே நியதிதான். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்று அரசியலமைப்பின் 265-ஆவது பிரிவு சொல்கிறது. அபராதத்தைப் பொறுத்தவரை, சட்டத்தில் தெளிவான சொல் இருந்தால்தான் விதிக்கலாம், ஊகித்து விதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1975-இல் ஒரு விற்பனை வரி வழக்கில் கூறியிருக்கிறது.

ஆகவே யார் அபராதம் கேட்டாலும் விவசாயி மனதில் முதலில் எழ வேண்டிய கேள்வி, “எந்தச் சட்டம், எந்தப் பிரிவு?” என்பதுதான். இதைக் கேட்பது அவமரியாதை ஆகாது. ரசீதில் எழுத வேண்டிய விவரமே அது.

சாலையோரம் விற்பவருக்குச் சட்டம் சொல்லும் அளவு

மேலே சொன்ன குடும்பத்துக்குப் பொருந்துவது 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம். இது நாடாளுமன்றம் இயற்றியது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளுக்குப் பொருந்தும். ரயில்வே இடத்துக்குப் பொருந்தாது. சாலையோரம் உட்கார்ந்தோ கூடையில் சுமந்தோ அன்றாடப் பொருள் விற்பவர் யாரும் இந்தச் சட்டத்தின் பார்வையில் சாலையோர வியாபாரிதான். தன் தோட்டத்துக் காயைத் தானே கொண்டுவந்து விற்பவரும் இதில் அடங்குவார்.

இந்தச் சட்டம் தரும் அளவுகளை மனதில் பதிய வைத்துக்கொள்வது நல்லது.

முதலாவது, அபராதத்தின் உச்சம். விற்பனைச் சான்றிதழ் இல்லாமல் விற்றாலும், சான்றிதழின் நிபந்தனையை மீறினாலும், ஒவ்வொரு மீறலுக்கும் அபராதம் 2,000 ரூபாய் வரைதான். இது 28-ஆவது பிரிவு. இந்த மீறலுக்கு 5,000 என்பது சட்டத்தில் இல்லாத தொகை.

இரண்டாவது, முன்னறிவிப்பு. ஓர் இடத்திலிருந்து வியாபாரியை அப்புறப்படுத்தவோ வேறு இடத்துக்கு மாற்றவோ வேண்டுமானால் 30 நாள் அறிவிப்புத் தர வேண்டும். அறிவிப்புக் காலம் முடிந்தும் காலி செய்யாதவருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அந்தத் தொகை, கைப்பற்றிய சரக்கின் மதிப்பைத் தாண்டக் கூடாது. 940 ரூபாய்ச் சரக்கு வைத்திருந்தவரிடம் எத்தனை நாள் கணக்குப் போட்டாலும் 940-க்கு மேல் போக முடியாது. இது 18-ஆவது பிரிவு.

மூன்றாவது, பட்டியல். அறிவிப்புக் காலம் முடிந்தபின் சரக்கைக் கைப்பற்றலாம். அப்படிக் கைப்பற்றினால் என்னென்ன பொருள், எவ்வளவு என்று பட்டியல் எழுதி, கைப்பற்றும் அலுவலர் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை வியாபாரியிடம் கொடுக்க வேண்டும்.

நான்காவது, திருப்பித் தரும் காலம். விதித்த கட்டணத்தைச் செலுத்திச் சரக்கைக் கேட்டால், அழுகும் பொருளைக் கேட்ட அன்றைக்கே விடுவிக்க வேண்டும். மற்றப் பொருளை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். இவை இரண்டும் 19-ஆவது பிரிவு.

காய்கறி விவசாயிக்கு இந்த நான்கில் மிக முக்கியமானது கடைசி வரிதான். கத்தரியும் கீரையும் தக்காளியும் பூவும் அழுகும் பொருள். “நாளைக்கு வா” என்று சொல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் அன்றைக்கே போய்க் கேட்க வேண்டும். வெள்ளைத்தாளில் பொருளின் பெயர், எடை, நேரம் எழுதி, “இன்றே விடுவிக்கக் கோருகிறேன்” என்று கையெழுத்திட்டுக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் குடும்பம் பயந்துபோய் வீட்டுக்குத் திரும்பியது. சரக்கு போனது அதனால்தான்.

‘வரை’ என்ற சொல்

சட்டத்தில் “2,000 ரூபாய்” என்று இல்லை. “2,000 ரூபாய் வரை” என்று இருக்கிறது. இந்த ஒரு சொல்லைப் பலரும் கவனிப்பதில்லை. 2,000 என்பது உச்சம். கட்டாய விலை அல்ல. நூறு ரூபாயும் விதிக்கலாம், எச்சரித்தும் அனுப்பலாம்.

பூச்சிமருந்து டப்பாவில் ஏக்கருக்கு இவ்வளவு என்று அளவு போட்டிருக்கிறது. அதற்காக ஒரு செடியில் இரண்டு பூச்சி கண்டதும் யாரும் முழு அளவும் அடிப்பதில்லை. சேத நிலை பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லி வருகிறோம். அபராதமும் அப்படித்தான். முதல் தடவையா, தெரியாமல் செய்ததா, வழியை அடைத்தாரா, எச்சரித்தும் கேட்கவில்லையா என்று பார்த்துத்தான் தொகையை முடிவு செய்ய வேண்டும்.

இதை 1969-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒடிசா மாநில அரசுக்கும் ஒரு உருக்கு நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு அது. அபராதம் விதிக்க அதிகாரம் இருக்கிறது என்பதற்காகவே விதித்துவிடக் கூடாது. வேண்டுமென்றே சட்டத்தை மதிக்காமல் நடந்தாரா, நேர்மையின்றி நடந்தாரா என்று பார்க்க வேண்டும். சிறிய, தொழில்நுட்பமான தவறுக்கு அபராதம் விதிக்காமல் விடுவதும் நியாயம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பெரிய கம்பெனிக்குக் கிடைத்த நியாயம் கீரைக்கட்டு விற்பவருக்கும் உண்டு.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று நினைக்க வேண்டாம். திருநெல்வேலி மாவட்டம் மானூரில் பாண்டியர் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊர்ச் சபையில் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசி முட்டுக்கட்டை போடுகிறவருக்கு 5 காசு தண்டம் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். தொகை கல்லில் இருக்கிறது. சபைத் தலைவர் கோபத்தில் ஐம்பது காசு கேட்க முடியாது. இங்கிலாந்தில் 1215-இல் மன்னர் ஒப்புக்கொண்ட மேக்னா கார்ட்டா சாசனத்திலும் இதே கவலைதான். தவறின் அளவுக்கு ஏற்பவே தண்டம். வியாபாரியின் சரக்கையும் குடியானவனின் உழவுப் பிழைப்பையும் விட்டுவைத்துத்தான் தண்டம் போட வேண்டும் என்று அதில் எழுதினார்கள். தண்டம் மனிதனைத் திருத்தலாம். பிழைப்பைப் பிடுங்கக் கூடாது.

விவசாயி செய்ய வேண்டியது

சட்டம் துணைக்கு இருக்கிறது என்பதற்காக எங்கே வேண்டுமானாலும் சாக்கை விரிக்கலாம் என்று அர்த்தமில்லை. பேருந்து திரும்பும் இடத்திலும் மருத்துவமனை வாசலிலும் கடை போட்டால் பாதிக்கப்படுவதும் நம்மைப் போன்றவர்கள்தான்.

நகரத்தில் வழக்கமாக விற்கிறவர்கள் நகர விற்பனைக் குழுவின் கணக்கெடுப்பில் பெயரைப் பதிந்து விற்பனைச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நம் பக்கத்து விவசாயிகள் யாரும் அதில் இல்லையென்றால் அது நம் குறையும்தான்.

அருகில் உழவர் சந்தை இருந்தால் அதுவே முதல் வழி. 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்த நாளிலிருந்து அதன் நோக்கம் விவசாயி நேரடியாக விற்க வேண்டும் என்பதுதான். அடங்கல் நகலோடு விண்ணப்பித்து அடையாள அட்டை வாங்கிவிட்டால் இந்த அபராதத் தொல்லையே இல்லை. மேலே சொன்ன குடும்பமும் இப்போது அதற்குத்தான் விண்ணப்பித்திருக்கிறது.

வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஊரை நகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். எட்டு மாதச் சினைப்பசு இரவில் கயிற்றை அறுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டது. பிடித்து அடைத்துவிட்டார்கள். பெரிய தொகை கேட்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் பசுவை மீட்க வேண்டும், வழக்கு பிறகு. அடைத்து வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் தீவனச் செலவு ஏறும்; சினைமாட்டுக்கு இடமாற்றமும் கூட்டமும் நல்லதல்ல. காதுவில்லையின் 12 இலக்க எண், சினை விவரம் இரண்டையும் எழுதிக் கொடுத்து, கால்நடை மருத்துவரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

நகர்ப்புற அபராதம் ஊருக்கு ஊர் மாறும். சென்னை மாநகராட்சியில் 2023-இல் 2,000 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2024-இல் முதல் முறைக்கு 10,000, மறுமுறைக்கு 15,000 என்று உயர்ந்தது. அது சென்னைக்கு. சென்னையில் இவ்வளவு என்பதைக் காட்டி உங்கள் ஊரில் கேட்க முடியாது. உங்கள் நகராட்சி மன்றத்தின் தீர்மானத்தில் உள்ள தொகைதான் செல்லும். தொகையை உயர்த்தினாலும் உயர்த்திய நாளுக்குப் பிறகு பிடிபட்ட மாட்டுக்குத்தான் புதிய தொகை. தவறு நடந்த நாளில் இருந்த சட்டம் அனுமதித்ததைவிட அதிகத் தண்டனை கூடாது என்று அரசியலமைப்பின் 20-ஆவது பிரிவு குற்றங்களுக்குச் சொல்கிறது. அதே நியாயத்தை இங்கும் எடுத்துச் சொல்லலாம்.

தொகை தவறு என்று தோன்றினால் “ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்” என்று மனுவில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். ரசீதில் சட்டப்பிரிவு, தேதி, தீவனச் செலவு தனியாக, அபராதம் தனியாக இருக்கட்டும். பணம் கட்டிவிட்டதால் கேள்வி கேட்கும் உரிமை போய்விடாது.

கேள்வி: பக்கத்துத் தோட்டத்துக்காரர் எங்கள் ஆடுகளைப் பிடித்துக் கட்டிவைத்துக்கொண்டு, உளுந்தை மேய்ந்துவிட்டதாக 6,000 ரூபாய் கேட்கிறார். இது சரியா?

பதில்: உளுந்து போனது அவருக்கு உண்மையான நஷ்டம், அதை மறுக்க வேண்டாம். ஆனால் தானே அபராதம் போட அவருக்கு அதிகாரமில்லை. கால்நடை அத்துமீறல் சட்டம், 1871 இன்றும் இருக்கிறது. பயிரை மேய்ந்த கால்நடையைப் பயிர்க்காரர் பிடிக்கலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு, அதாவது கொண்டித் தொழுவத்துக்கு, அனுப்பிவிட வேண்டும். வீட்டில் கட்டிவைத்துப் பேரம் பேசக் கூடாது.

பவுண்டில் வாங்கும் அபராதம் அரசு அறிவித்த விகிதப்படிதான். யானை முதல் ஆட்டுக்குட்டி வரை கணக்கில் கொண்டு இயற்றிய சட்டம் அது. அபராதமும் தீவனச் செலவும் எவ்வளவு என்ற பட்டியல் பவுண்டு அருகே எல்லோரும் பார்க்கும்படி தொங்க வேண்டும். ஏழு நாளுக்குள் உரிமையாளர் வராவிட்டால் காவல் நிலையத்துக்குத் தெரிவித்து, அதன்பின் அறிவிப்பு வெளியிட்டுத்தான் ஏலம். ஏலத்தில் பவுண்டுக்காரரோ போலீசாரோ எடுக்கக் கூடாது. அபராதமும் செலவும் போக மிச்சப் பணம் உரிமையாளருடையது. பிடித்ததே தவறு என்று நினைத்தால், தொகையை வைப்பாகக் கட்டிக் கால்நடையை மீட்டுக்கொண்டு, பிடித்த நாளிலிருந்து பத்து நாளுக்குள் நீதித்துறை நடுவரிடம் புகார் செய்யலாம்.

பயிர்க்காரர் தன் நஷ்டத்துக்கு நீதிமன்றத்தில் ஈடு கேட்கலாம்; அந்த உரிமையை இந்தச் சட்டம் தடுக்கவில்லை. அதற்குமுன் இரண்டு பேரும் உதவி வேளாண்மை அலுவலரை அழைத்துச் சேதத்தை மதிப்பிடச் சொல்லிப் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. ஆடும் உளுந்தும் அடுத்த வருடமும் பக்கத்தில்தானே இருக்கப் போகின்றன!

கேள்வி: வாரச் சந்தையில் குத்தகைதாரர் சீட்டு இல்லாமல் சுங்கம் வாங்குகிறார். கேட்டால் அபராதம் போடுவேன் என்கிறார்.

பதில்: சந்தைக் குத்தகை என்பது உள்ளாட்சி நிர்ணயித்த கட்டணத்தை வசூலிக்கும் உரிமை மட்டுமே. கட்டணத்தைக் கூட்டவோ அபராதம் விதிக்கவோ குத்தகைதாரருக்கு அதிகாரம் இல்லை. கூடைக்கு எவ்வளவு, ஆட்டுக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்ற விவரம் ஏல நிபந்தனைகளில் இருக்கும். அதன் நகலை ஊராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். ஒருவர் கேட்டால் தனித்துத் தெரிவார். பத்துப் பேர் கையெழுத்திட்டு மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் பதில் வராமல் போகாது.

கேள்வி: கோயில் வரி கட்டத் தாமதமானதற்கு ஊர்ப் பஞ்சாயத்தில் 10,000 ரூபாய் அபராதம் போட்டு, கட்டும்வரை யாரும் வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஊராட்சித் தலைவரும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

பதில்: தேர்தலில் வந்த கிராம ஊராட்சி வேறு, ஊர்ப் பெரியவர்கள் கூடும் பஞ்சாயத்து வேறு. தலைவர் அங்கே உட்கார்ந்திருந்தார் என்பதால் அது சட்டப்படியான ஊராட்சி ஆகிவிடாது. ஊர்ப் பஞ்சாயத்துக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் ஒரு ரூபாய் அளவுக்குக்கூட இல்லை. விருப்பப்பட்டுக் கொடுப்பது நன்கொடை. மிரட்டி வாங்குவது குற்றம். ஊரை விட்டு ஒதுக்குவதும் அப்படியே. காவல் நிலையத்திலும் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலும் மனு கொடுங்கள்.

ஊரை எதிர்த்து நிற்பது எளிதல்ல என்பது தெரியாததல்ல. வட்டச் சட்டப் பணிகள் குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இந்த உதவி உண்டு. வீட்டில் பெண்கள் பெயரில் மனு கொடுத்தாலும் சரிதான்.

கேள்வி: என் தராசில் முத்திரை இல்லை என்று நகராட்சி ஊழியர் அபராதம் கேட்டார். கட்டவா?

பதில்: எடையளவு முத்திரையைப் பார்ப்பது தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் வேலை, நகராட்சி ஊழியருடையது அல்ல. ஒரு துறையின் அபராதத்தை இன்னொரு துறை வாங்க முடியாது. ஆனாலும் தராசுக்கு முத்திரை போடாமல் வைத்திருப்பது தவறுதான். அடுத்த முகாமில் போட்டுவிடுங்கள். வாங்குகிறவர்களும் நம்மைப் போல உழைத்துச் சம்பாதித்த காசைத்தான் தருகிறார்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் எந்தத் தவறுக்கு எவ்வளவு அபராதம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் ஒரு மனு போதும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரியிட்டு, உங்கள் நகராட்சி அல்லது பேரூராட்சிக்கு அனுப்புங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. “சாலையோர விற்பனை, கால்நடை திரிதல், குப்பை எரித்தல் ஆகியவற்றுக்கு நடைமுறையில் உள்ள அபராதத் தொகை, அதற்கான சட்டப்பிரிவு, மன்றத் தீர்மானத்தின் நகல் ஆகியவற்றைத் தரவும்” என்று மூன்று வரி எழுதினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்த பதிலை நகலெடுத்து உழவர் மன்றத்திலும் பால் சொசைட்டியிலும் ஒட்டி வையுங்கள். ஒருவர் போட்ட 10 ரூபாய் ஊருக்கே பயன்படும்.

வீட்டுச் சுவரில் எழுதி வைக்க

அபராதம் என்று யார் வந்தாலும் ஐந்து கேள்வி. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு? உச்சத் தொகை எவ்வளவு? உங்கள் பெயர், பதவி என்ன? எடுத்த பொருளுக்குப் பட்டியல் எங்கே? கட்டிய பணத்துக்கு ரசீது எங்கே?

குரலை உயர்த்த வேண்டாம். வண்டியை மறிக்க வேண்டாம். மறித்தால் அது தனி வழக்காகிவிடும். தவறு நம்முடையதாக இருந்தால் ஒப்புக்கொண்டு, சட்டம் சொன்ன தொகையை, ரசீதோடு கட்டிவிட வேண்டும். வரப்பு இருபக்கத்துக்காரருக்கும் பொதுதான். நாமும் தாண்டக் கூடாது. அவர்களும் தாண்டக் கூடாது.

அந்த அம்மா 500 ரூபாய் ரசீதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். பால் சீட்டு, விதை பில், உரக்கடை ரசீது எல்லாம் இருக்கும் அதே மஞ்சள் பைக்குள்.